மார்க்கையன்கோட்டையில் ஓடாத கம்ப்யூட்டர்

பவர் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபேன் கூடச் சுற்றவில்லை. என்னைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள்.

2003-ல் தேனியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையில் நான் சீனியர் சர்வீஸ் ஆள். சீனியர் என்று பெயர்; கடையில் மொத்தமே இரண்டு பேர்தான். மார்க்கையன்கோட்டை ஈஸ்வரி, வீட்டு முன்னறையில் டைப்பிங் சென்டர் தொடங்குவதற்காகக் கேட்டிருந்த மெஷின் அது. இரண்டு நாள் கடையில் ஓடவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், முந்தின நாள் சாயங்காலமே மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் காலை திறப்பு. சாப்பிட வரச் சொல்லியிருந்ததால் போயிருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

ஈஸ்வரியின் மாமனார் சடையாண்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"பத்தரையோட நல்ல நேரம் முடியுது. ஓடாதுன்னா இப்பவே சொல்லிருங்க தம்பி. நெல்லு மூட்டையெல்லாம் அங்கன தொழுவத்துல கெடக்கு. பழையபடி இங்கனயே அடுக்கிருவோம்."

ஈஸ்வரி என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அண்ணே, மாமா இந்த ரூம விட்டுக் குடுக்கவே ஆறு மாசம் ஆச்சு. இன்னிக்கி ஓடலேன்னா அம்புட்டுத்தான். வந்தவுகளும் சிரிச்சிட்டுப் போயிருவாக."

ப்ளக் பாயின்ட்டில் டெஸ்டர் வைத்தேன், கரண்ட் இருந்தது. பவர் கேபிளை மாற்றினேன். எஸ்.எம்.பி.எஸ். பின்னால் வோல்டேஜ் மாற்றும் சிவப்பு ஸ்விட்ச்சும் சரியாக 230-ல்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஹார்ட் டிஸ்க், சி.டி. டிரைவ் இரண்டையும் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். மணி பத்தே கால். மதர்போர்டு போய்விட்டது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். பஸ்ஸில் குலுங்கியிருக்கும், மின்னல் இறங்கியிருக்கும் என்று சொல்லக் காரணங்களும் தயாராகிக்கொண்டிருந்தன.

கடைசி முயற்சியாக, பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு பின்னையும், பட்டனுக்குப் பதிலாக, ஸ்க்ரூ டிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டேன். ஃபேன் சுற்றியது. போர்டு நன்றாகத்தான் இருந்தது. கோளாறு பட்டனில்.

பெட்டியை முன்பக்கம் திருப்பினேன். பட்டன் உள்ளே போய் அப்படியே மாட்டியிருந்தது. விளிம்பைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது. எப்போதும் அமுங்கியே இருக்கிற பட்டனை நான் எத்தனை முறை அமுக்கி என்ன ஆகப் போகிறது? உள்ளே இருபது ஒயரைப் பார்த்த என் கண், எதிரே இருந்த பொட்டைப் பார்க்கவில்லை.

"இதுல சந்தனம் யாரு வச்சது?" என்றேன். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

"நான் மானிட்டருக்கு மட்டுந்தாண்ணே வச்சேன்" என்றாள் ஈஸ்வரி.

சடையாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"வெடியக்காலம் நாந்தான் தம்பி வச்சேன். கெணத்து மோட்டாருக்குப் பச்சப் பட்டன்லதான வைப்போம். அதுதான ஓட வைக்கிறது. நல்லா அழுத்தி வச்சேன்."

ஈஸ்வரி மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதம் முறைத்துக்கொண்டிருந்த மனிதர், வீடு எழுவதற்கு முன்னால் குளித்துவிட்டு வந்து அவளுடைய கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அந்த எரிச்சல் குரலுக்காக வெட்கமாக இருந்தது.

ஈரத்துணியும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துப் பட்டனைச் சுத்தம் செய்து, ஒயரையும் பிடுங்கிய டிரைவ்களையும் மாட்டினேன். பத்தரைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"நீங்களே போடுங்க மாமா" என்றாள் ஈஸ்வரி.

"நானா ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்து அமுக்கினார். திரை வெளிச்சமானது.

இன்று சர்வீஸுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கடைசியாக யார் தொட்டார்கள் என்று கேளுங்கள். குற்றவாளியைத் தேடுகிற குரலில் கேட்காதீர்கள். தொட்டவர் ஆசையாகத் தொட்டிருக்கலாம்.