பதனியோடு போன மாத்திரை

வேதியியலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். திருநெல்வேலியில் பி.பார்ம் சேர்ந்த புதிதில், மருந்து கொடுக்கப் போகிறவளுக்கு அயனியும் பிணைப்பும் எதற்கு என்று விடுதியில் எல்லோரிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்று தெரிந்தால் போதாதா என்பது என் கட்சி.

அந்தக் கோடையில், ராதாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா மாசமாக இருந்தாள். ஏற்கெனவே ஒரு முறை கலைந்துபோயிருந்தது. இந்த முறை தைராய்டு சுரப்பு குறைவு என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கே அது வேண்டும். ஆனால் மாத்திரை போட்டும் ரத்தப் பரிசோதனையில் முன்னேற்றமே இல்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடியும் அதே கதை. கடைசியில், "ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அக்கா போனில் அழுதாள். எனக்கு டாக்டர் மேல் கோபமான கோபம். சொன்ன சொல்லை அப்படியே கேட்கிறவள் என் அக்கா.

அந்த வாரம் வகுப்பில் ஆசிரியை ஒரு நண்டைக் கரும்பலகையில் வரைந்தார். மருந்து கரைய வேண்டும், கரைந்து குடல் சுவரைத் தாண்ட வேண்டும், அப்போதுதான் ரத்தத்தில் சேரும் என்றார். வழியில் கால்சியமோ இரும்போ அயனியாக வந்துவிட்டால், சில மருந்துகள் அதை நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரையாது, தாண்டாது, வந்த வழியே வெளியே போய்விடும். எடுத்துக்காட்டுகளில் அக்காவின் மாத்திரையும் இருந்தது. அந்த வகுப்பில் நான் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலமே போன் போட்டேன். சத்து மாத்திரையெல்லாம் எப்போது போடுகிறாய் என்று கேட்டேன்.

"கால்சியம் மத்தியானம், இரும்பு ராத்திரி. டாக்டரு பிரிச்சுப் பிரிச்சுதான சொல்லிருக்காவ" என்றாள் அக்கா.

என் துப்பறியும் வேலை அத்தோடு படுத்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை பஸ் பிடித்து ராதாபுரம் போனேன்.

மறுநாள் விடிகாலையில் அத்தான் பனங்காட்டிலிருந்து பதனி வாங்கிவந்தார். அக்கா ஒரு தம்ளர் ஊற்றினாள். தைராய்டு மாத்திரையை வாயில் போட்டு, அந்தப் பதனியையே மடக் மடக்கென்று குடித்தாள்.

"எக்கா, வெறும் வயித்துலல்லா போடச் சொன்னாவ?"

"வெறும் வயிறுதாம்ட்டி. பதனியெல்லாம் ஒரு சாப்பாடா? பிள்ளைக்குக் குளிர்ச்சின்னு அத்த சொன்னாவ."

அந்த ஊரில் பதனிக் காலத்தில் அதுதான் தண்ணீர். ஆனால் மரத்தில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு என்றால் கால்சியம். மாத்திரை என்ற நண்டின் கொடுக்கில் தினமும் அவளே கால்சியத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாளே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். பழைய பரிசோதனைத் தாள்களைப் புரட்டிப் பார்த்தவர், "எதோட குடிக்கிறாங்கன்னு நான் கேட்கவே இல்லையேம்மா" என்றார். அளவைக் கூட்ட வேண்டாம், வெறும் தண்ணீரில் போடட்டும், பதனி நாலு மணி நேரம் கழித்துத்தான் என்று சொல்லி, மறுபடி ரத்தம் எடுக்க ஒரு தேதி கொடுத்தார். அந்தத் தேதி வரும்வரை நாளெண்ணிக்கொண்டே இருந்தேன். தப்பாகச் சொல்லியிருந்தால், வீணாகப்போவது அக்காவின் பிள்ளைக்கு வேண்டிய நாட்கள் அல்லவா?

பரிசோதனைக்கு அக்காவும் அத்தானும் திருநெல்வேலிக்கு வந்தார்கள்; நானும் சேர்ந்துகொண்டேன். முடிவுத் தாளை அக்கா பார்க்கவே இல்லை. என் கையில் திணித்தாள். சுரப்பு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். எண் இறங்கியிருந்தது. இருக்க வேண்டிய அளவுக்குள் நன்றாக வந்திருந்தது.

"குருவி உக்காரப் பனம்பழம் விழுந்திருக்கும். உன் படிப்பாலன்னு பீத்திக்கிடாத கொழுந்தியா" என்றார் அத்தான். சொல்லிக்கொண்டே அந்தத் தாளை வாங்கி மறுபடியும் மறுபடியும் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் நானும் அவர்களோடு ராதாபுரத்துக்கு ஏறிக்கொண்டேன். முந்தைய பிள்ளை போனதிலிருந்து, பிறக்கும்வரை பேர், தொட்டில் என்று எதையும் பேசக்கூடாது என்று அக்கா வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்து வைத்திருந்தாள். நாங்குநேரி தாண்டியதும் பைய என் தோளில் சாய்ந்தாள்.

"ஏட்டி, ஒரு நல்ல பேரா யோசிச்சு வையி" என்றாள்.