வாய் திறக்காத பிள்ளை

பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கடிகாரம். எட்டு மணிக்குக் கேட் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பாள். மகளின் தோளில் பையை மாட்டி, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிடுவாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. ஐந்து நிமிடம் பிந்தினால் மேற்பார்வையாளர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம். போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்தரை மணி இடைவேளையில்தான் எடுத்துப் பார்க்க முடியும். இதையெல்லாம் சேர்க்கை விண்ணப்பம் நிரப்பும்போது அவளே என்னிடம் சொன்னாள்.

நான் அந்தத் தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் இருக்கிறேன். பெற்றோருக்கான விதிப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். யாராவது மீறினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதும் ஆன பிறகே பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன், கண் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும். போன மாதம் இவள் மகளைக் காய்ச்சலோடு அனுப்பிவிட்டாள். இன்னொரு முறை நடந்தால் தலைமையாசிரியரைப் பார்த்த பிறகே பிள்ளையை வகுப்பில் விடுவோம் என்று கடிதம் கொடுத்தேன். வாசித்தாள். அதைத் தீப்பெட்டி அளவுக்கு மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளையைக் கையில் பிடித்து அழைத்து வந்தார். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மாவுக்கு நான்கு முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. லாரி ஓட்டும் அப்பாவைப் பிடித்தேன். வர இரண்டு மணி நேரமாகும், அதுவரை காய்ச்சல் சிரப் கொடுங்கள் என்றார். காலையில் மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்றால், தான் விடியுமுன்பே கிளம்பிவிட்டதாகவும் பிள்ளையையே கேட்கும்படியும் சொன்னார். கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். ஆறு வயதுப் பிள்ளை பொய்யா சொல்லப்போகிறது என்று நானும் நம்பித் தொலைத்தேன். டீச்சர் சிரப் பாட்டிலோடு அவளை ஓய்வறைக்குக் கூட்டிப் போனார்.

சரியாகப் பத்தரைக்குப் போன் அடித்தது. பாப்பாவுக்கு என்ன என்று அம்மா பதறினாள். காய்ச்சலைச் சொல்லி, அப்பாவின் சம்மதத்தோடு டீச்சர் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"குடுக்காதீங்க மேடம். ஏழரைக்கு நான் குடுத்தேன். ஸ்கூல் முடியிற வரைக்கும் தாங்கணுமேன்னு ரெண்டு மடங்கு ஊத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வேற வாங்கிட்டேன்."

போனும் கையுமாக ஓடினேன். பதினேழு வருடமாக நடக்கிற தாழ்வாரம், அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது. காதருகே அவள் "குடுத்துட்டாங்களா, குடுத்துட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெற்ற பிள்ளையின் உயிரோடு விளையாடினாளே என்று திட்டவும் தோன்றியது, கடவுளே என்று கும்பிடவும் தோன்றியது.

ஓய்வறையில் மூடி நிறையச் சிரப்போடு டீச்சர் கெஞ்சிக்கொண்டிருந்தார். பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்ததுலேர்ந்து இப்படித்தான். ஒரு சொட்டுகூட உள்ள போகல" என்றார் டீச்சர்.

மூடியைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போனில் சொன்னேன். அவள் ஓவென்று அழுதாள்.

மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இனி ஒரு சொட்டும் கொடுக்காமல் உடனே அழைத்து வரச் சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னதும், இதோ நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றாள். பதினொன்றேகாலுக்கு அவள் சலவைக்கூடத்துச் சீருடையோடு, தோள்பட்டை ஈரத்தோடு, என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். பாதி வேலையில் கேட்காமல் வந்துவிட்டாளாம், நாளைக்கு உள்ளே விடுவார்களோ என்னவோ. மகள் ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ரகசியம் சொன்னாள். ஆறு வயது ரகசியம், அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"வாயத் தொறந்தா சொல்லிடுவேன்னு நான் தொறக்கவே இல்லம்மா. இனிமே லெட்டர் வராதுல்ல?"

பத்து மணிக்கே, கோபத்தில், இரண்டாவது கடிதத்தை அடித்துக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். அது மேசைமேல் அவளுக்கு எதிரே கிடந்தது.