ஃபோல்டரின் பெயர் தமிழில்தான் இருக்கும்

டெல்லியில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கோல் மார்க்கெட் பக்கம் ஓர் ஆலயத்தில், இங்கிலீஷ் ஆராதனை முடிந்து அவர்கள் கிளம்பிய பிறகு எங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பாடகர் குழுவில் நான் ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல். பிழைப்பு நேரு பிளேஸில், ஒரு மென்பொருள் அலுவலகத்தில்.

குழுவை நடத்துகிற அக்கா நாகர்கோவில்காரர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிறிஸ்துமஸ் பாட்டுகளை அவரே எழுதி, அவரே மெட்டுப்போட்டு, நான்கு குரலுக்கும் பிரித்துத் தருவார். எல்லாம் கையெழுத்து நகல்கள். யார் கையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி ஒத்திகை போய்விடும். "இதை ஒழுங்கா ஒரு புத்தகமாப் போடணும் மக்களே. மேல சுரக்குறிப்பு, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழ தமிழ் எழுத்து" என்று ஒருநாள் சொன்னார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். தலையை ஆட்டிவிட்டேன்.

இசையை எழுத்துகளாகவே தட்டச்சு செய்ய ஒரு வகை ஃபைல் இருக்கிறது. பாட்டின் வரிகளும் சுரங்களும் ஒரே ஃபைலில் கலந்திருக்கும். ஒரு நிரல் அதிலிருந்து சுரங்களை மட்டும் பிரித்தெடுத்து ஐந்து கோட்டுக் குறிப்பாக வரைந்து வைக்கும். அடுத்த நிரல் அந்தப் படங்களையும் வரிகளையும் சேர்த்துப் பக்கமாகக் கோக்கும். முதல் பாட்டை ஆசையாக அடித்து முடித்து, அலுவலகத்தில் நிரல் எழுதப் பழகிய எடிட்டரில் பக்கம் கோக்கும் பொத்தானை அழுத்தினேன். சுரங்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டங்கள். எடிட்டருக்கு இந்த வகை ஃபைலே தெரியாது. தனக்குப் பழக்கமான, தமிழ் அறியாத ஏதோ ஒரு பழைய நிரலிடம் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஒத்திகைக்குக் கொண்டுபோனது என் தப்பு. அக்காவிடம் காட்டி, எங்கே சிக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சபைச் செயலாளர் எட்டிப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். எல்லாரும் அண்ணாச்சி என்போம்.

"பாத்தியாம்மா, கட்டம் கட்டமால்லா வருது? தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிரு. ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். டெல்லில பொறந்த பிள்ளைகள் தமிழ் எங்க வாசிக்கப் போவுது?"

"நானும் டெல்லில பொறந்தவதான் அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரித்தார். "உன்னைச் சொல்லலம்மா. பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. நான் கரோல் பாகில் வளர்ந்தவள். அம்மா என்னை லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியதே தமிழ் படிக்கத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தெரு முனைப் பள்ளிக்கு நடந்து போக, நான் பஸ்ஸில் நசுங்கிப் போய் ழகரமும் றகரமும் கற்றேன். இன்றும் என் தமிழில் இந்தி வழியும். வேகமாக வாசிக்க வராது. ஆனால் வாசிப்பேன். அந்த வாசிப்பை ஒரு நிமிட வேலைக்காக விட்டுக்கொடுக்கச் சொன்னால் எப்படி?

"இங்கிலீஷ் எழுத்துல அடிக்க மாட்டேன்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "நீ எதுக்கு மக்களே அவருகிட்ட வாய் குடுக்க? கட்டம் போயி எழுத்து வந்தா அவரு என்ன சொல்லுவாரு? அதைப் பாரு."

பார்த்தேன். தமிழ் அறிந்த புது நிரலைப் பிடித்துப் போட்டதும் கட்டங்கள் போய்விட்டன. ஆனால் ஒரு சுரம் மாற்றினாலும் கறுப்புத் திரையில் நீளநீளமான கட்டளைகளை வரிசையாக அடிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை மதியங்களில் டியூட்டி முடிந்து அக்கா நேராக என் வீட்டுக்கு வருவார். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடத்துல டெனர் குரலைக் கொஞ்சம் இறக்கு" என்பார். இறக்குவேன். கட்டளைகளை அடிப்பேன். ஓர் எழுத்து பிசகும். மறுபடி அடிப்பேன். அதற்குள் அக்கா நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருப்பார். இது சரிப்படாது, எல்லாம் ஒரே விசையில் நடக்க வேண்டும் என்று எடிட்டரின் அமைப்பு ஃபைலைத் திறந்தேன். இந்த வகை ஃபைல் வந்தால் இந்த ஃபோல்டருக்குப் போ, இதை ஓட்டு, பிறகு அதை ஓட்டு, பக்கத்தைத் திற என்று எழுதினேன்.

விசையை அழுத்தினால் பக்கம் வந்தது. அக்கா உற்றுப் பார்த்தார். "நான் இறக்கினது வரலியே?"

வரவில்லைதான். வரியில் செய்த திருத்தம் வந்திருந்தது, சுரம் மட்டும் பழையது. இரண்டு நிரல்களையும் எடிட்டர் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டிருந்தது. சுரம் வரைந்து முடிப்பதற்குள் பக்கம் கோக்கப்பட்டுவிட்டது. முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது என்று திருத்தினேன். அது ஓடியது. சந்தோஷத்தில் எல்லாப் பாட்டுகளையும் ‘கிறிஸ்துமஸ் பாட்டுகள்’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டேன். உடனே எல்லாம் நின்றது. ஃபைலைக் காணோம் என்றது எடிட்டர்.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரனிடம் காட்டினேன். மீரட்காரன், நல்ல பையன், வேலையில் சூரன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அரே, ஃபோல்டர் பேரைத் தமிழ்ல வெச்சிருக்கியே! இங்கிலீஷ்ல மாத்து, ஓடிரும்" என்றான் இந்தியில். இணைய மன்றம் ஒன்றில் கேட்டேன். அங்கேயும் அதே பதில்தான், இன்னும் கொஞ்சம் திமிராக: பெயர்களில் ஆங்கிலம் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்பதுகூடத் தெரியாதா?

மாற்றியிருந்தால் அன்றைக்கே ஓடியிருக்கும். மாற்ற மனம் வரவில்லை. பிழை எங்கே இருந்தாலும் எல்லாரும் முதலில் தமிழைத்தான் கை காட்டுவார்களா? பிடிவாதமாக அந்தப் பிழைச் செய்தியை மறுபடி வாசித்தேன், மெதுவாக, எனக்கு வருகிற வேகத்தில். ‘கிறிஸ்துமஸ்’ என்ற இடம் இல்லை என்றது அது. ‘பாட்டுகள்’ எங்கே போனது?

உடனே இரண்டு சோதனை ஃபோல்டர்கள் போட்டேன். ஒன்றுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் பெயர். அதே பிழை. இன்னொன்றுக்குத் தமிழில் ஒரே சொல். பளிச்சென்று ஓடியது. தமிழ் எந்தத் தப்பும் செய்யவில்லை. சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் கட்டளையை இரண்டாக வெட்டியிருக்கிறது. அமைப்பு ஃபைலில் ஃபோல்டர் பெயர் வருகிற இடத்துக்கு முன்னும் பின்னும் மேற்கோள்குறி போட்டேன். அவ்வளவுதான். பெயர் அப்படியே இருக்க, எல்லாப் பாட்டும் ஓடியது.

மீரட்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அச்சா!" என்று தலையைச் சொறிந்தவன், "சரி, நான் சொன்னது தப்பு" என்று சமோசா வாங்கி வந்தான். இணைய மன்றத்தில் இரண்டு சோதனைகளின் படத்தையும் போட்டு, கோளாறு மொழியில் இல்லை, உங்கள் ஊகத்தில் இருக்கிறது என்று எழுதினேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் மாறின. அக்கா சொல்வார், நான் மாற்றுவேன், விசையை அழுத்துவேன், அவர் வாய் மூடுமுன் பக்கம் திரையில் இருக்கும். அவரும் குறும்பாக, வேண்டுமென்றே ஒரு சுரத்தை ஏற்றுவார், இறக்குவார், மறுபடி ஏற்றுவார். பாடிப் பார்த்துக்கொண்டே திருத்துவோம். கீழ்வீட்டு அம்மா ஒருமுறை மாடியேறி வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று விசாரித்துவிட்டு, உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு புத்தகம் எல்லார் கையிலும் இருந்தது. ஒவ்வொரு சுரத்தின் காலடியிலும் அசை அசையாகத் தமிழ். என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண், என்னைப் போல இங்கேயே பிறந்தவள், தன் பிரதியைத் திறந்தாள். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் கீழே பென்சிலால் இந்தி எழுத்து. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. சுருக்கென்றது. பிறகு கவனித்தேன்: இதை எழுத அவள் ஒவ்வோர் எழுத்தையும் யாரிடமோ கேட்டிருக்கிறாள், அல்லது எங்கோ தேடியிருக்கிறாள். பென்சில் அவள் இஷ்டம். அச்சில் இருப்பது தமிழ். பாட ஆரம்பித்தோம். நடுங்காமல் பாடினாள்.

முடிந்ததும் அண்ணாச்சி கேக்கோடு வந்தார். புத்தகத்தைப் புரட்டினார். "நல்லாத்தாம்மா இருக்கு. அடுத்த வருசம் இங்கிலீஷ் எழுத்துலயும் ஒண்ணு போட்டுருவோம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு."

"போடுங்க அண்ணாச்சி. நான் போட மாட்டேன்."

"பிள்ளைகளுக்குத்தானம்மா சொல்லுதேன்."

"பிள்ளைகளை என்கிட்ட அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை அரைமணி முன்னால வரச் சொல்லுங்க. சொல்லிக் குடுக்கேன்."

எனக்கே தெரியாமல் அக்காவின் நாகர்கோவில் என் வாயில் புகுந்திருந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று நகர்ந்தார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை. பிள்ளைகளிடம் நானே சொல்லிவிட்டேன்; போன வாரம் அரைமணி முன்னாலேயே நான்கு பேர் வந்தார்கள்.