ஏற்றத்துக்கு மட்டும் ஒரு மெக்கானிக்

ஹட்டனில் என் பழைய ஸ்கூட்டரின் எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் ஒல்லியான மனிதர். காதை மூடும் கம்பளித் தொப்பியை வெயிலிலும் கழற்றமாட்டார்.

என் மனைவி தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியை. அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டி மேடு ஏறாது. தினமும் பாதி வழியில் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

“வேகம் வேணுமா, இழுவை வேணுமா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“இழுவைதாங்க.”

பிஸ்டன் கூடுதல் தூரம் ஏறி இறங்கும்படி, ஸ்ட்ரோக் நீளமான கிராங்க் ஒன்றைப் போட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு எரிச்சல் தொடங்கியது. ஓட்டிப் பார்க்கிறேன் என்று கோயில் வளைவுக்கு ஏறிப் போவார். உச்சியில் எஞ்சின் சத்தம் நின்றுவிடும். ஆள் திரும்பி வர வெகுநேரம் ஆகும். “இன்னும் கொஞ்சம் இழுக்கணும்” என்று மறுபடியும் கழற்றுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து.

ஒருநாள் பொறுமை இழந்து நானே மேலே நடந்தேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடி, வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

“மறுபடியும் நின்னு போச்சாங்க?”

“இல்ல தம்பி, இப்ப நல்லாத்தான் இழுக்குது. எனக்கு இறக்கம்னா பயம்.”

சாவியைப் பிடுங்கி, “பின்னாடி ஏறுங்க” என்றேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தே இறங்கினார்.

இப்போது ஏற்றத்தில் மனைவி இறங்குவதே இல்லை. திரும்பும்போதுதான் அந்த வளைவில் என் கை தானாகப் பிரேக்கை இறுக்குகிறது. அவர் சொல்வதற்கு முன் எனக்கு அந்தப் பயம் இருந்ததே இல்லை.