தேர் வராத தெருவின் வீடியோ

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாத அறுவடை நேரம். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நான் நாலாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் தங்கள் ஊரைத் தாங்களே பார்த்துப் பெருமைப்பட வேண்டும் என்று எனக்கு ஆசை. ‘இது உங்க ஊர், காட்டுங்க’ என்று சொல்லி, ‘எங்க தெரு’ என்ற தலைப்பில் ஆளுக்கு ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொன்னேன். கேமரா என் செல்போன்தான். ஆட்டுக்குட்டி, அடிபம்பு, இட்லிக் கடை என்று ஜோராக எடுத்து வந்தார்கள். ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் போட்டுக் காட்டப் போவதாக ஊரெல்லாம் சொல்லியும் விட்டேன்.

தெற்குத் தெருச் சிறுமி ஒருத்தியின் வீடியோவைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. தோழி வீட்டுக்குள்ளிருந்து எடுக்க, தெரு பின்னால் தெரியத் தன் வீட்டு வாசலில் நின்று சிரித்த முகமாகச் சொல்கிறாள்: “இது எங்க தெரு. மாரியம்மன் தேர் இங்க வராது. நாங்க முக்குல நின்னு பாத்துக்குவோம்.”

குறை சொல்லும் தொனியே இல்லை. தெற்குத் தெருக்காரர்கள் ஒரு காலத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். தேர் ஏன் அங்கே போகாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். விழாவுக்குத் தலைமை தாங்குபவரோ கோயில் கமிட்டிப் பெரியவர். அவருடைய டிராக்டரைத்தான் இந்தச் சிறுமியின் அப்பா ஓட்டுகிறார். அந்தப் பேச்சை வெட்டிவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் உன் தெருவைக் காட்டு என்று கேட்டுவிட்டு, காட்டியதும் மறைத்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?

கடைசியில் அவள் வீட்டுக்கே போய், அம்மா அப்பாவிடம் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் கேட்டார்: “அவ சொன்னதுல பொய் இருக்கா டீச்சர்?”

இல்லை என்றேன்.

“அப்ப இருக்கட்டுங்க. வர்றத நாங்க பாத்துக்கிறோம்.” அப்பாவும் மெல்லத் தலையசைத்தார்.

விழா நாள் வந்தது. வகுப்பறைச் சுவரில் வீடியோ ஓடியது. தேர் வராது என்று அவள் சொல்லும் இடம் வந்தது. பெரியவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, மூன்றாம் வகுப்புப் பிள்ளை, சத்தமாகக் கேட்டாள், தேர் ஏன் அங்கே போகாது என்று.

“தெரு குறுகல் கண்ணு” என்றார் பெரியவர்.

“கதிர் அறுக்குற மிஷின் போவுதே தாத்தா.”

எல்லாரும் சுவரைப் பார்த்தோம். சிறுமிக்குப் பின்னால், வயலுக்குப் போகிற அறுவடை இயந்திரம் தெருவில் சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ தடவை பார்த்த வீடியோ. பயத்தில் அவள் பேச்சை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த மிஷின் கண்ணிலேயே பட்டதில்லை. பெரியவர் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடினேன், ஓட்டுவது சிறுமியின் அப்பாதானா என்று பார்க்க. அவர்தான். இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தேரும் இதுவரை அந்தத் தெருவுக்குள் போகவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டுப் போகும்போது அந்தச் சிறுமி சொன்னாள்: “தேர் வந்தா புதுசா எடுக்கணும் டீச்சர். போன்ல இடம் வச்சிருங்க.”

என் போன் எப்போதும் நிரம்பி வழிகிறது. சொந்தக்காரர்களின் கல்யாண போட்டோக்களைக்கூட அழித்திருக்கிறேன், அந்த ஒரு நிமிடத்துக்கான இடத்தில் மட்டும் கை வைப்பதில்லை. ஒவ்வொரு பங்குனியிலும் தேர் அந்த முக்கைக் கடக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு படபடப்போடு நிற்கிறேன்; இது உன் ஊர் என்று அவளிடம் சொன்னவள் நான்தானே.