நாலாவது கொம்பியூட்டர்

என் கணவர் தில்லைநாதனை ஊரில் பயந்தாங்கொள்ளி என்பார்கள். கரப்பான் பூச்சிக்குக் கதிரையில் ஏறுகிற மனிசன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய வலக்கையில் மூன்று விரல்கள் ஏன் மடங்காமல் நிற்கின்றன என்று கேட்கிறவர்களுக்கு வாய் இருக்கிறது, காது இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தாறில் கரவெட்டியில் ஓர் இரத்ததானச் சங்கம் இருந்தது. இவர் அங்கே எழுதுவினைஞர். செல் குண்டு விழுந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் ஓடிவரும்; இன்ன வகை இரத்தம் யாரிடம் இருக்கிறது என்று பெயரும் விலாசமும் கொடுக்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பேர், முக்கால்வாசி இளந்தாரிகள். எல்லாரையும் இவர் கடதாசி போல மடியக்கூடிய ஒரு மெல்லிய டிஸ்க்கில் ஏற்றினார். பழைய அட்டைகளை அடுப்பில் வைத்தது நான்தான். இளந்தாரிகளின் விலாசம் எழுதிய கடதாசி ஆமியின் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

ஒரே வில்லங்கம், எங்கள் கொம்பியூட்டரில் எழுதிய டிஸ்க்கை வேறு கொம்பியூட்டர் வாசிக்காது. கரண்டோ ஓர் ஊரில் இருந்தால் அடுத்த ஊரில் இராது. கரண்ட் இருக்கிற இடத்தில் போட்டுப் பெயரை எடுக்க வேண்டுமே. அதற்காக இவர் 'ட்றைவர்' என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். டிஸ்க்கை எப்படி வாசிப்பது என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை அதனுடையது.

கொம்பியூட்டர் எங்களுடையது ஒன்று, நெல்லியடியில் பிள்ளைகள் ரியூஷன் படிக்கிற ரியூட்டரியில் ஒன்று, நல்லூரில் ஒன்று. மூன்றும் மூன்று சாதி. நெல்லியடியில் ஓடுவது நல்லூரில் படுத்துவிடும். நல்லூருக்கென்று திருத்தினால் எங்களுடையது முரண்டு பிடிக்கும். சைக்கிளில் போவார், வருவார், திருத்துவார், மறுபடி போவார். ஒருநாள் ஆமியின் ஹெலிகொப்டர் வீதியில் போனவர்களைச் சுட்டது. பக்கத்தில் சைக்கிளோட்டி வந்தவனுக்குத் தலை இல்லை. இவர் டிஸ்க்கை வயிற்றுக்குக் கீழே வைத்து வடலிப் பனைகளுக்குள் கிடந்துவிட்டு, எழும்பி நல்லூருக்கே போனார்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று பேசினேன்.

"ஒண்டிலை ஓடினால் காணாது. எல்லாத்திலையும் ஓடவேணும்" என்றார், சட்டையில் அந்தப் பொடியனின் இரத்தத்தோடு.

அடுத்த மாசியில் மூன்றிலும் ஓடியது. மனிசன் இருந்து அழுதார்.

வைகாசியில் ஆமி எங்கள் வடமராட்சிக்குள் இறங்கியது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்து பிணம். இவரை அந்த டிஸ்க்கோடு முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே பெரியவன் ஒருவனின் மேசையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. நாலாவது. இவர் தொட்டே பார்த்திராத வகை.

"இயக்கப் பொடியளுக்கு ரத்தம் குடுத்தவங்கடை பேர் இதிலை கிடக்காம். திற" என்றான் மொழிபெயர்க்க நின்றவன்.

"இதிலை ஓடாது ஐயா."

வாயில் பூட்ஸ் விழுந்தது. இரண்டு பல் போயிற்று. டிஸ்க்கைப் போட்டார். ஒரு வருடமாக ஓடு, ஓடு என்று கெஞ்சிய மனிசன், அன்றைக்கு ஓடாதே என்று நல்லூர் முருகனை மன்றாடினாராம்.

அறுவான் ட்றைவர், ஓடியது. முதல் பெயர் திரையில் வந்தது: பஞ்சலிங்கம், விலாசத்தோடு. இரண்டாவது வருவதற்குள் இவர் டிஸ்க்கை வெளியே இழுத்து, மடித்துக் கசக்கி, வாய்க்குள் திணித்துச் சப்பினார். அவர்கள் தாடையைப் பிளந்து எடுத்தபோது அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு கையை மேசையில் வைத்து, துவக்குப் பிடியால் ஒவ்வொரு விரலாக இடித்தார்கள்.

பஞ்சலிங்கத்தை மறுநாள் வீட்டு முற்றத்தில் சுட்டார்கள். மற்ற நானூற்றுப் பதினொரு பேரைத் தேடி ஒருவரும் வரவில்லை.

ஆடியில் இவரை விட்டார்கள். ஐப்பசியில் மறுபடி சண்டை. பருத்தித்துறை மரியநாயகிக்குச் செல்லில் தொடை கிழிந்தது. கிடைத்தற்கரிய வகை இரத்தம். மகன் வின்சன்ற் தன்னுடையதில் ஒரு போத்தல் கொடுத்துவிட்டு எங்களிடம் ஓடிவந்தான். அந்த வகையில் எங்களிடம் பதினொரு பேர் இருந்தார்கள். இவருக்கு நினைவில் நின்றது ஒரே ஒரு பெயர், அதுவும் வின்சன்ற்.

தாயைப் புதைத்துவிட்டு அவன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். கதிரையைத் தூக்கி இவருடைய தோளில் அடித்தான். விழுந்தவரை உதைத்தான்.

"லிஸ்ற்றைத் துலைச்சுப்போட்டு வீட்டிலை சோறு தின்னிறியோ, நாயே."

"நடந்ததைச் சொல்லுங்கோவன்" என்றேன் நான் இவரிடம்.

"தாயைப் பறிகுடுத்தவன். அடிக்கட்டும், விடு" என்றார்.

நான் பாய்ந்துபோனேன். அவனுடைய சட்டையைப் பிடித்தேன். "டேய், துலைக்கேல்லையடா. ஆமி வாசிக்கத் துடங்க, இந்த மனிசன் வாய்க்குள்ளை போட்டுச் சப்பினது. உன்ரை பேரும் அதிலைதான் கிடந்தது. அதாலைதான் நீ உயிரோடை நிண்டு அடிக்கிறாய்."

அவன் ஓங்கிய காலை இறக்கினான். இவருடைய மடங்காத விரல்களைப் பார்த்தான்.

"அப்ப அம்மாவுக்குக் குடுக்கக்கூடிய மற்றப் பத்துப் பேற்றை பேரையும் நீங்கள்தான்..."

இவர் நிலத்தில் கிடந்தபடியே தலையாட்டினார்.

"ஓம் தம்பி. அதையும்தான்."