ஊற்றியவரும் சொன்னவரும்

அவசர ஞானஸ்நானம் கொடுக்கச் சுவாமியார் தேவையில்லை. ஆணோ பெண்ணோ, கத்தோலிக்கரோ வேறு சமயத்தவரோ, யாரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓட வேண்டும். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்ற மூன்று நாமங்களையும் குறையாமல் சொல்ல வேண்டும். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் வேண்டும். முக்கியமாக, ஊற்றுகிறவரே சொல்லவும் வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் செல்லாது. பிற்காலத்தில் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தபோது எத்தனையோ சுற்றுநிருபங்களைப் படித்தேன். இவ்வளவு தெளிவான ஒன்றைக் கண்டதில்லை. மோட்சத்தின் வாசலை அத்தனை அகலமாகத் திறந்துவிட்டு, அதிலே இத்தனை சிறிய பூட்டைத் தொங்கவிட்டவர் நல்ல நிர்வாகியாகத்தான் இருந்திருப்பார்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போகாத காலம். அப்பாவுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் வேலை. நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் படித்தேன். ஞானோபதேசத்தில் முதலாம் பரிசு எனக்குத்தான். ஆயத்தச் செபம், மனஸ்தாபச் செபம், அவசர ஞானஸ்நானத்தின் சொற்கள், எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். கேட்காவிட்டாலும் ஒப்புவிப்பேன்.

எனக்குப் பின் பிறந்தவன் செத்துப் பிறந்தான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் சேமக்காலைக்குள், மந்திரித்த மண்ணில், புதைக்க முடியாது. மோட்சமும் இல்லாமல் நரகமும் இல்லாமல் இடையில் ஓர் இடம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று படிப்பித்தார்கள். பூமியில் ஒதுக்கப்பட்ட இடம் மதிலுக்கு வெளியே, கடற்பக்கம், எருக்கலைப் பற்றைக்குள். அவனுக்குப் பெயரும் இல்லை, சிலுவையும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா அந்த மதிலருகே போய் நிற்பார். செருப்பில் மணல் போய்விட்டது என்று சொல்லி, குனிந்து நெடுநேரம் தட்டுவார்.

அடுத்தவன் மாரிகாலத்தில், காலம் கூடி வருமுன்பே பிறந்தான். பகல் நேரம், அப்பா வேலையில். மூதூருக்குப் பூசை வைக்கப் போன சுவாமியார், காற்றுக்கு லோஞ்சிப் படகு ஓடாமல் அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளைப்பேறு பார்த்தவர் எங்கள் ஒழுங்கை முடிவில், தன் தம்பி வீட்டில் இருந்த மூதூர் முஸ்லிம் பெண். மருத்துவிச்சி உம்மா என்போம். என்னையும் உலகத்துக்கு இழுத்தெடுத்தவர் அவர்தான் என்பதால், கண்ட இடத்தில் என் காதைத் திருகும் உரிமை அவருக்கு இருந்தது.

பிள்ளை அழவில்லை. உள்ளங்கைக்குள் நீலம் பாரித்துக் கிடந்தது. அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை, குரல் எழும்பவில்லை.

"உம்மா, தண்ணி ஊத்துங்கோ. இவனும் மதிலுக்கு வெளியில கிடக்க ஏலாது."

"ஊத்துறன் மகள். சொல்லுற சொல்லு எனக்குத் தெரியாதே" என்றவர், குசினி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "புள்ள, நீ படிச்சிருப்பாய். சொல்லு."

அம்மா தேர்ந்து வைத்திருந்த பெயர் சூசை. நான் அந்தப் பெயரைச் சொல்லி, சொற்களை ஒரு பிசகும் இல்லாமல் சொன்னேன். மருத்துவிச்சி உம்மா பித்தளைச் செம்பால் ஊற்றினார். பிள்ளை ஒருமுறை வாயைத் திறந்தது. பிறகு திறக்கவில்லை. ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும் என்ற அந்தப் பூட்டும் எனக்குப் பாடம்தான். ஒப்புவிக்கும்போது வருவது வேறு, வேண்டிய நேரத்தில் வருவது வேறு.

பின்னேரம் உபதேசியார் வந்தார். சுவாமியார் இல்லாத நாட்களில் கோயிலும் அவர்தான், சேமக்காலைக் கதவின் திறப்பும் அவரிடம்தான். கெட்டவர் அல்ல, விதியை விட்டால் வழுக்கி விழுந்துவிடுவோம் என்று பயந்தவர். இந்த ரகத்தோடு பிறகு நிறைய வேலை செய்தேன்; நானும் அந்த ரகந்தான். விறாந்தைக் கதிரையில் இருந்து, வேலையால் வந்திருந்த அப்பாவுக்கு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஊற்றினவரே சொல்லியிருக்க வேணும், இல்லாவிட்டால் உள்ளே புதைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அறைக்குள் அம்மாவின் முனகல் நின்றது.

"ஊத்தினது ஆர்?"

"நான்தான்" என்றார் மருத்துவிச்சி உம்மா.

"சொன்னது?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பிள்ளை நான். வாயைத் திறந்தேன். என் தோளில் ஈரக்கை ஒன்று இறுக விழுந்தது.

"சொன்னதும் நான்தான். இந்தப் புள்ள பயத்தில அழுதுகொண்டு நிண்டது."

நான் அழவேயில்லை. உபதேசியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சொன்னனீங்கள்? சொல்லுங்கோ பாப்பம்."

மருத்துவிச்சி உம்மாவை அழைத்துப்போக வந்த அவர் தம்பி, வாசல் படலையடியில் குடையோடு நின்றார். மருத்துவிச்சி உம்மா அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பகலில் என் வாயிலிருந்து ஒரேயொருமுறை கேட்ட சொற்களை, பாரமான எதையோ தூக்கித் தூக்கி வைப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். பிதா. சுதன். மூன்றாம் நாமத்தில் கொஞ்சம் தடுக்கினார். என் உதடு தானாகவே திருத்தியது.

"என்ன எண்ணத்தில ஊத்தினீங்கள்?"

"பெத்தவள் கேட்ட எண்ணத்தில."

இதற்கு விதியில் எந்தப் பிரிவு பொருந்தும் என்று உபதேசியார் யோசித்திருக்க வேண்டும். கடைசியில் சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்தார். நான் படலையைப் பார்த்தபோது அங்கே குடையும் இல்லை, தம்பியும் இல்லை. மருத்துவிச்சி உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, மழையில் தனியே நடந்து போனார்.

சூசையை மதிலுக்கு உட்பக்கமாக, மதிலோடு ஒட்டிப் புதைத்தார்கள். அடுத்த ஞாயிறுகளில் அம்மா செருப்புத் தட்டவில்லை. ஒரு கையை மதிலில் வைத்துக்கொண்டு நின்றார்.

மருத்துவிச்சி உம்மா அதன்பின் எங்கள் படலையைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் மூதூருக்கே போய்விட்டார். அப்பா ஒரு சேலை வாங்கிக்கொண்டு லோஞ்சியில் போய், சேலையோடு திரும்பி வந்தார். மருத்துவிச்சி உம்மா அம்மாவின் சுகத்தைத்தான் கேட்டாராம். வேறு சமயத்துச் சொல்லைச் சொன்னாயா என்று சொந்தக்காரர் விசாரித்தபோது, சொன்னேன் என்றாராம். கலிமாவைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், சொன்னாராம். என்றாலும் பிள்ளைப்பேற்றுக்கு அவரைக் கூப்பிடுகிற வீடுகள் குறைந்துவிட்டன. அன்று பகலில் சொன்னது ஒரு சின்னப் பிள்ளைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்மேல் பாதிப் பேச்சாவது குறைந்திருக்கும். அந்த வார்த்தை அடுத்த லோஞ்சியிலேயே உபதேசியாரின் காதுக்கு வந்து சேர்ந்திருக்கும். அப்பா இதை அடுப்படியில் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா அரிசி களைந்த கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதில் விளங்கியது சேலை மட்டும்தான். வேண்டாமென்றால் எனக்குப் பாவாடை தைக்கலாமே என்று நினைத்தேன்.

இன்னொரு சங்கடமும் எனக்கு இருந்தது. கோயில் காரியத்தில் பொய் சொல்வது சாவான பாவமா, அற்பப் பாவமா? அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தலையை வாரிக்கொண்டிருந்தார். சீப்பு நடுத்தலையில் நின்றது. பிறகு இறங்கியது.

அந்தத் தவசு காலத்தில் உபதேசியார் வகுப்பில் கேட்டார்: பாவமே இல்லாதவர் எங்களுக்காகப் பாவிபோல எண்ணப்பட்டது ஏன்? மற்றப் பிள்ளைகள் மேலே பார்த்தார்கள். நான் எழும்பி, குற்றம் செய்தவர்களின் பாரத்தைத் தன்மேல் சுமந்து, தன்னவர்களாலும் தள்ளப்பட்டு, எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்ற நீண்ட பதிலை முழுவதும் சொன்னேன். உபதேசியார் ஒரு சுரூபப் படம் தந்தார். சிலுவையில் தொங்கும் ஆண்டவர். ஓரத்தில் பொன் கரை.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் காட்டி, பதிலையும் ஒருமுறை ஒப்புவித்தேன். அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார்.

"நீ சொன்னது உனக்கு விளங்கினதா?"

"ஓம்" என்றேன்.

சூசையின் தலையில் தண்ணீர் ஓடியபோது அந்தச் சொற்களையும் உண்மையில் சொன்னது நான்தானே, அதற்கும் ஒரு படம் கிடைத்திருக்க வேண்டுமே என்றுதான் அப்போதும் எனக்குக் கவலையாக இருந்தது.